கிளியம்மாள் பேரில் ஒரு கம்பெனி

பென்னலூர் கிளியம்மாள் ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் கழிப்பறை கழுவுகிறாள். மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கு அவள் போட்ட மனு தள்ளுபடியானது. காரணம் கேட்கத் தாலுகா அலுவலகத்துக்குப் போனாள்.

கணினியைப் பார்த்த எழுத்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க பேர்ல இரும்பு வியாபாரம் நடக்குதேம்மா. வருஷத்துக்கு மூணு கோடி. ஜிஎஸ்டி பாக்கி வேற இருக்கு."

கிளியம்மாள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"சோப்பு வாங்குனாகூட வரி கட்டிக்கினுதான் சார் கீறேன். இரும்பு இன்னாத்துக்கு எனக்கு?"

வேலைக்குச் சேர்ந்தபோது, பி.எஃப். போடுவதாகச் சொல்லி ஒப்பந்தக்காரன் ஆதார், பான் அட்டை நகல்களோடு நாலைந்து கையெழுத்தும் வாங்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள், கூட வேலை செய்யும் கிரேசியைத் துணைக்கு அழைத்துப்போய் போலீசில் புகார் கொடுத்தாள். கிரேசியையும் அதே ஒப்பந்தக்காரன்தான் சேர்த்துவிட்டிருந்தான். அவளுடைய பான் எண்ணையும் தேடிப் பார்த்தார்கள். அவள் பேரிலும் ஒரு கம்பெனி இருந்தது. கிரேசியும் அங்கேயே ஒரு புகார் எழுதிக் கொடுத்தாள்.

ஒப்பந்தக்காரன் பிடிபட்டான். ஆனாலும் கிளியம்மாள் பேரிலிருந்த பதிவு ரத்தாகி, தொகை வரப் பதினோரு மாதம் ஆனது. தன் பேரிலிருந்த பதிவை ரத்து செய்யக் கிரேசி போட்ட மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இருவரும் சேர்ந்தே வரி அலுவலகம் போய் வருகிறார்கள்.