‘ஐ’ இல்லாத ஆங்கிலம்

என் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார். அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், லாரிகளில் மூட்டை ஏற்றும் இடத்தில் அவருக்கு வேலை. டிரைவர், கிளீனர், டீ கொண்டுவருகிறவர் என்று யார் வந்தாலும் அவரிடம் ஒரு கதை இருக்கும். ஆனால் வடக்கேயிருந்து வந்த மேலாளர் எதிரே வந்துவிட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். ஷிப்ட் இன்சார்ஜ் வேலைக்கு நேர்காணல், அதுவும் ஆங்கிலத்தில் என்று தெரிந்ததும் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

அரியலூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிறுதோறும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. “நீயும் வாம்மா, தனியா போக கூச்சமா இருக்கு” என்றார். துணைக்குத்தான் போனேன். பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து போவதே எனக்குப் போதுமான சந்தோஷமாக இருந்தது.

சொல்லிக்கொடுத்த மிஸ் கல்லூரி முடித்து அதிக நாள் ஆகாத பெண். எழுப்பி நிறுத்திப் பேசச் சொல்வார். இவர் “ஐ” என்று தொடங்குவார். அடுத்து ஆம் வருமா, ஹேவ் வருமா, வாஸ் வருமா என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிடுவார். ஃபேனுக்கு அடியிலேயே சட்டை நனைந்துவிடும். பார்க்க எனக்குத் தாங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஸ் போர்டில் ‘ஸ்விம்மிங் இஸ் குட்’ என்று எழுதினார். “வினைச்சொல்லோட ‘இங்’ சேத்தா அது பெயர்ச்சொல் மாதிரி ஆயிடும். அதையே எழுவாயா முன்னால வைக்கலாம்” என்றார்.

இவர் கையைத் தூக்கினார். “நீந்துற ஆள் எங்க மிஸ்?”

“ஆள் வேணாம் சார். ‘நீந்துறது நல்லது’ன்னு தமிழ்ல சொல்றோம்ல, அதுல ஆள் இருக்கா?”

“இல்லீங்க.”

“அதே மாதிரிதான்.”

“அப்ப ‘ஐ’ வேணாமா?”

“வேணாம்.”

“ஆம், ஹேவ், வாஸ்?”

“இதுக்கு ‘இஸ்’ போதும் சார்.”

“இத மொத நாளே சொல்லியிருக்கலாம்ல மிஸ்!”

வகுப்பே சிரித்தது. இவரும் சிரித்தார். அந்த அறையில் இவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது. “ஸ்டாண்டிங் இஸ் டிஃபிகல்ட்” என்றார் என்னிடம். “சிட்டிங் இஸ் நைஸ்” என்றேன் நான். நடுவில் வந்த கண்டக்டர், “ஹோல்டிங் இஸ் குட் சார், கம்பியப் புடிங்க” என்றாரே பார்க்கலாம்! முன்னால் நின்ற கல்லூரிப் பெண்கள் சிரித்து முடிக்கவில்லை, கீரைக்கூடையோடு இருந்த ஒரு அம்மா, “எறங்குறதுக்கு என்னங்க சொல்லணும்?” என்று கேட்டார். “கெட்டிங் டவுன்” என்றார் இவர். தன் ஊர் வந்ததும் அந்த அம்மா, “கெட்டிங் டவுன்! கெட்டிங் டவுன்!” என்று கத்திக்கொண்டே கூடையோடு இறங்கிப் போனார். கண்டக்டர் விசில் ஊதக்கூட மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டிலும் இதே பேச்சுதான். குழம்பை ருசி பார்த்துவிட்டு “குக்கிங் இஸ் ஆர்ட்” என்பார். “வாஷிங் இஸ் யுவர் ஒர்க்” என்று தட்டைக் கையில் கொடுப்பேன்.

நேர்காணல் முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததை நடித்துக் காட்டினார். உங்கள் பகுதியில் என்ன சிரமம் என்று மேலாளர் கேட்டிருக்கிறார். இவர், “லோடிங் இஸ் நாட் டிஃபிகல்ட் சார். வெயிட்டிங் இஸ் டிஃபிகல்ட்” என்றாராம். யாருக்கு என்று கேட்டதும், “டிரைவர்ஸ் சார். ஸ்லீப்பிங் அண்டர் லாரி இஸ் டேஞ்சரஸ்” என்றாராம். மேலாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மிச்சத்தைத் தமிழிலேயே சொல்லச் சொன்னாராம். பக்கத்தில் இருந்தவர் அவருக்கு மொழிபெயர்த்திருக்கிறார். நிழலுக்கு வேறு இடமில்லாமல் டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே படுத்துக்கிடப்பதை எல்லாம் இவர் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார்.

“ரொம்பப் பேசிட்டேனோன்னு பயமா இருக்குடி” என்றார் கடைசியில்.

வேலை கிடைத்தது. லாரிகள் நிற்கும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகையும் வந்தது. தண்ணீர்க் குழாய்கூட வைத்திருக்கிறார்கள் என்று போனில் படம் எடுத்து வந்து காட்டினார். அதை அவர் எத்தனை பேருக்குக் காட்டினாரோ தெரியாது.

இப்போது அவருக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் ஷிப்ட் வருகிறது. நான் மட்டும் வகுப்புக்குப் போகிறேன். போன வாரம் மிஸ், வினைச்சொல்லுக்கு முன்னால் ‘டு’ வைத்தும் வாக்கியத்தைத் தொடங்கலாம் என்றார். ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னபோது நான் எழுந்து, “டு கம் அலோன் இஸ் ஆல்சோ நைஸ்” என்றேன். சாயங்காலம் அவரிடம் அதைச் சொன்னேன்.

“அடிப்பாவி” என்று சிரித்துவிட்டு, அந்த ‘டு’வை எப்படிப் போடுவது என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.