அண்ணன் படத்தில் விழுந்த கத்தரி

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த அண்ணன் ஒரு கேமராவும் ஒரு பைனாகுலரும் கொண்டுவந்தான். கேமரா எதற்கென்று வந்த அன்றே சொல்லிவிட்டான்.

"நானும் இவளும் பயலும் மூணு பேருமா சேந்து ஒரு படம் எடுக்கணும்ல. நான் போனா திரும்பி வர ரெண்டு வருசம் ஆவும். பயலுக்கு என் மூஞ்சி மறந்திரும். தினமும் அதைக் காட்டி அப்பான்னு சொல்லிக் குடுங்க."

பயலுக்கு அப்போது எட்டு மாதம்.

எனக்கோ பைனாகுலர் மேல்தான் கண். மாசி மாதம். இருட்டியதும் சங்கரன்கோவில் முழுக்கக் கரண்ட் போய்விடும். தெருவே கரண்டுகாரனைத் திட்டும்போது நான் மட்டும் சந்தோஷமாக மொட்டைமாடிக்கு ஓடுவேன். உச்சியில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள். அவற்றுக்குத் தெற்கே இன்னொரு சின்ன வரிசை. அதன் நடுவில் இருப்பது வெறும் நட்சத்திரம் இல்லை. பைனாகுலரில் பார்த்தால், நெற்றித் திருநீற்றை விரலால் இழுத்துவிட்டது போல வெளிறிய ஒரு தீற்றல். அந்தப் புகைக்குள்தான் புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்று படித்திருந்தேன். அதைப் படம் பிடித்தே ஆகவேண்டும் என்று பித்துப் பிடித்துவிட்டது.

அண்ணன் புது பிலிம் மாட்டிய அன்றே போய் நின்றேன்.

"எடுத்துக்கோல. ரோல்ல நெறைய இருக்குல்லா" என்றான்.

நாற்காலியில் தலையணை போட்டு, கேமராவை மல்லாத்தி வைத்து, ஷட்டரைத் திறந்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். ஏழெட்டுப் படம் அப்படியே வானத்துக்குப் போனது. அதற்குப் பிறகு அண்ணன் வீட்டில் உள்ளவர்களை எல்லாம் எடுத்தான். திரும்ப வளைகுடாவுக்குக் கிளம்பும் நாளில் அவனையும் மதினியையும் பிள்ளையையும் சேர்த்து நான் ஒரு படம் எடுத்தேன். இன்னொன்று எடுக்கப் போனால் அம்மா விடவில்லை.

"ஒண்ணு போதும்ல, கண்ணு பட்டிரும்."

கலர் பிலிமை மதுரைக்கு அனுப்பித்தான் கழுவ வேண்டும். வந்ததும் ஸ்டூடியோ அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"முத ஏழெட்டுல சின்னச் சின்னப் புள்ளியத் தவிர ஒண்ணுமே விழாம வெறுமனே கெடக்கு தம்பி. எங்கன ஒரு படம் முடியுது, எங்கன அடுத்தது ஆரம்பிக்குதுன்னு பிலிமைத் துண்டு துண்டா வெட்டுதவனுக்கு எப்படித் தெரியும்? குத்துமதிப்பா வெட்டிட்டான்."

தப்பான இடத்தில் தொடங்கிய கத்தரி, அதே கணக்கில் ரோல் முழுக்கப் போயிருக்கிறது. மற்ற படங்களில் அது வெறும் சுவரில் விழுந்ததால் முகங்கள் தப்பிவிட்டன. கடைசிப் படத்தில் மட்டும் சரியாக அண்ணன் முகத்தின் நடுவே வெட்டு. முதலில் பகல் வெளிச்சத்தில் ஒரு சுவரையாவது எடுத்திருந்தால் வெட்டுகிறவனுக்கு ஓரம் தெரிந்திருக்கும். நட்சத்திரத்தைத் தெரிந்த மேதாவிக்கு அது தெரியவில்லை. போங்கள்!

வீட்டில் உள்ளதைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. ரெண்டு சாத்து சாத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். "உசுரோட உள்ளவன் படம் வெட்டுப்பட்டு வீட்ல இருக்கப்பிடாது" என்று அம்மா அதைக் கொண்டுபோய்த் தெப்பக்குளத்தில் போட்டுவிட்டு வந்தாள். மதினி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒங்க நட்சத்திரமாவது விழுந்துச்சா தம்பி?" என்று கேட்டாள். விழுந்திருந்தது. இளஞ்சிவப்பாக, அவ்வளவு அழகாக. அதைக் காட்ட எனக்குக் கை வரவில்லை.

வீட்டில் அண்ணனுக்கு வேறு படம் என்றால் கல்யாணப் படம்தான். மாலையும் பவுடருமாக, அவனை அவனுக்கே அடையாளம் தெரியாது. இருந்தாலும் என் பாவத்துக்குப் பரிகாரமாக தினமும் பயலை இடுப்பில் தூக்கிக்கொண்டு அதற்கு முன்னால் நிற்பேன். "அப்பா சொல்லு மக்கா, அப்பா." அவன் சுவரைப் பார்க்கவே மாட்டான். என் வாயைத்தான் பார்ப்பான். சீக்கிரமே சொல்லவும் கற்றுக்கொண்டான். எனக்கு மனசு கொஞ்சம் லேசானது.

இரண்டு வருடம் கழித்து அண்ணன் காரிலிருந்து இறங்கி, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "மக்கா, வா" என்று இரண்டு கையையும் நீட்டினான். பயல் மிரண்டு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான். முகத்தை என் வேட்டியில் புதைத்து, "அப்பா, அப்பா" என்று வீறிட்டு அழுதான்.

நீட்டிய கையை அண்ணன் மெதுவாக இறக்கினான்.

"விடுல, பிள்ளை தெரியாமச் சொல்லுதான்" என்று சொல்லிக் குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டான்.