முப்பத்தேழு கட்டம் போட்ட சட்டைகள்

கூட்டமாகப் பஸ் பிடித்து ஊர் சுற்றிப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம்தான். இது இன்று நேற்று வந்ததல்ல. எழுபதுகளின் நடுவில், தீபாவளி கழிந்த அடுத்த வாரம், கொட்டுகிற மழையில் ஒருநாள் அப்படிச் சுற்றக் கிளம்பியவன் நான். அதுவும் நான் பிறந்து வளர்ந்த ஊரையே.

அப்போது தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலையில் இருந்தேன். பி.காம். முடித்து மூன்று வருஷம் பாங்க் பரீட்சைகளாக எழுதித் தள்ளி, ஒன்றும் தேறாமல், கடைசியில் அங்கே போய் உட்கார்ந்தேன். முதலாளி குடும்பத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம். வேலை பார்த்தவர்களும் அநேகமாக அந்தச் சீமைக்காரர்களே. கடைக்குப் பின்னால் ஒரு மாடியில் பாய் போட்டுத் தூங்கி, அங்கேயே பொங்கிச் சாப்பிட்டு, காலையில் கீழே இறங்கினால் ராத்திரி வரைக்கும் துணியை விரிப்பதும் மடிப்பதுமாக இருப்பார்கள். பத்து வருஷமாக மெட்ராஸில் இருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்வார்கள். பனகல் பார்க்கைத் தாண்டியிருக்க மாட்டார்கள். மந்தைவெளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனவன் நான் ஒருவன்தான். அதிலேயே எனக்கு ஒரு கர்வம்.

என் வேலை இன்னதென்று அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். கடைப் பலகையில் பெயருக்குப் பின்னால் ‘அண்ட் கோ’ என்று எழுதியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, "தி.நகர்ல ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பார்க்கறான்" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அந்தக் கம்பெனிக்காரனுக்குத்தான் மயிலாப்பூரில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஹைஸ்கூல் வாத்தியார். கார்த்திகையில் நிச்சயதார்த்தம் என்று ஏற்பாடு. பெண்ணை எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது. நான் ஜவுளிக்கடையில் கார்பன் தாள் செருகி உட்கார்ந்திருப்பவன் என்று தெரிந்தால் எல்லாம் அன்றோடு சரி என்று பயந்து செத்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளி வியாபாரம் கொழித்ததில் முதலாளிக்கு மனசு இளகிவிட்டது. ஊழியர்களை ஒருநாள் ஊர் சுற்றிக் காட்ட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. மழை பிடித்துக்கொண்டு கடைக்கு ஈ காக்கை வராத நாளாகப் பார்த்து அவர் அதை வைத்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. கூடவே இன்னொரு தர்மமும் செய்தார். மில்லிலிருந்து மூட்டையாக வந்த ஒரு பேல் சட்டைத்துணி விற்காமல் தங்கிவிட்டிருந்தது. பச்சையும் கத்திரிப்பூ நிறமுமாகப் பெரிய பெரிய கட்டம். அதை வாங்காமல் போன ஜனங்களின் ரசனையை நான் மெச்சுகிறேன். அந்தப் பேலைக் கிழித்து ஆளுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்து, டூர் அன்றைக்கு எல்லாரும் அதையே போட்டுக்கொண்டு வர வேண்டும், அப்போதுதான் யாராவது தொலைந்தால் கண்டுபிடிக்கலாம் என்று உத்தரவு போட்டார். அவர் மட்டும் வரவில்லை.

நான் அந்தச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. வெள்ளை டெரிலின் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். மயிலாப்பூர் கோயிலும் அன்றைய பட்டியலில் இருந்தது. என் தெருக்காரர்களும் பெண் வீட்டுக்காரர்களும் நடமாடுகிற இடத்தில் அந்தக் கட்டங்களோடு போய் இறங்க எனக்கென்ன பைத்தியமா.

பஸ்ஸுக்குப் பொறுப்பு அண்ணாச்சி. கடையில் மேனேஜர் என்று அவரைச் சொல்ல வேண்டும். ஆனால் எல்லாருக்கும் அண்ணாச்சிதான். ஐம்பதை நெருங்கியவர். மனிதர்களைவிடத் துணிதான் அவருக்குத் தெரியும். அடுக்கி வைத்த துணியைத் தொடாமல், மடிப்பின் ஓரத்தில் தெரியும் டிசைனை மட்டும் பார்த்தபடி கண்ணை ஓட்டி இத்தனை உருப்படி என்று சொல்லிவிடுவார். தப்பவே தப்பாது. பஸ்ஸுக்குள்ளும் அப்படியே முன்னாலிருந்து பின்னால் வரை கண்ணை ஓட்டி, தன்னையும் சேர்த்து, "முப்பத்தேழு" என்றார். நாங்கள் முப்பத்தெட்டுப் பேர். அவர் எண்ணியது ஆளையல்ல, சட்டையை. என் காதில் அது விழுந்தது. ஆனால் நான் அவர்களோடு சேர்ந்தவனில்லை என்று காட்டிக்கொள்வதிலேயே மும்முரமாக இருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எண்ணி முடித்துத் திரும்புகிறபோது என் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன தம்பி, சட்டை அளவு சரியில்லியோ?"

"துவைக்கப் போட்டிருக்கு" என்றேன்.

"புதுச் சட்டையவா?" என்றார். பிறகு, "சரி, ஜன்னல் பக்கமா இருந்துக்கிடும். காத்து வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு இருந்த குளிரில் காற்று ஒன்றுதான் பாக்கி.

பஸ்ஸோடு ஒரு வழிகாட்டியும் வந்திருந்தார். அவருக்கு எல்லாம் மனப்பாடம். மழைக்கு ஜன்னல்களை இழுத்து மூடியதில், உள்ளே இத்தனை பேர் விட்ட மூச்சில் கண்ணாடி வெள்ளையாக ஆவி படிந்து கிடந்தது. அவரோ மைக்கைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் பாருங்கள், வலது பக்கம் பாருங்கள் என்று ஒப்பித்துக்கொண்டே வந்தார். சைதாப்பேட்டை தாண்டும்போது டிரைவருக்கே பொறுக்கவில்லை. "இன்னா சார் நீ, எனக்கே ரோடு தெர்ல, அவுங்களுக்கு இன்னாத்த காட்டிக்கினு வர்ற?" என்றார். வழிகாட்டி ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

கிண்டிப் பாம்புப் பண்ணையில் பாம்புகள் புத்தியோடு பானைக்குள்ளேயே சுருண்டு கிடந்தன. இவர்கள் நனைந்துகொண்டு பானைகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அடையாற்றில் ஆலமரம். எத்தனை விழுது, எத்தனை வயசு என்று வழிகாட்டி அளந்து விட்டதை ஒருவரும் கேட்கவில்லை. வேட்டிப் பிரிவுக்காரர் ஒருவர் மரத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இத ஒரு சுத்துச் சுத்த எத்தன கெஜம் வேணும்வே?" என்றார். உடனே நாலு பேர் குடையை மடக்கிவிட்டுக் கையால் முழம் போட ஆரம்பித்துவிட்டார்கள். கால் மணி நேரம் விவாதம். அங்கிருந்த ஒரு கட்டடத்தின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். இவர்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தோஷம். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது என்று இப்போது தெரிகிறது. எனக்குப் பயத்தில் எதையும் பார்க்க முடியவில்லை.

மயிலாப்பூரில் பஸ் குளத்தோரம் நின்றது. அத்தனை கட்டங்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயிலுக்குள் ஓடின. அவர்களோடு போனால் யாராவது பார்த்துவிடுவார்கள். பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருந்தாலும் பார்த்துவிடுவார்கள். ஒருவரிடமும் சொல்லாமல் இறங்கி, மாடவீதியில் இருந்த ஒரு ஓட்டலுக்குள் போய் மூலை மேஜையாகப் பிடித்து உட்கார்ந்தேன். இரண்டு காப்பி குடித்தேன். திரும்பி வந்தபோது பஸ் இல்லை.

அண்ணாச்சி கண்ணை ஓட்டியிருப்பார், முப்பத்தேழு சரியாக இருந்திருக்கும், போகலாம் என்றிருப்பார். எனக்குக் கோபமே வரவில்லை. விட்டது சனியன் என்றுதான் இருந்தது. மழை சற்று விட்டால் பொடிநடையாக மந்தைவெளிக்குப் போய்விடலாம் என்று ஒரு பாத்திரக்கடை வாசலில் ஒதுங்கினேன்.

அங்கேதான் குடையோடு வந்து சேர்ந்தார் பெண்ணின் அப்பா. "அடடே, மாப்பிள்ளையா? என்ன, மழையில நின்னுண்டிருக்கேளே?"

நிச்சயதார்த்தத்துக்கு முன்னாலேயே என்னை மாப்பிள்ளை என்று அவர் கூப்பிட்டது மனசுக்கு இதமாக இருந்தது. "கம்பெனிக்கு இன்னிக்கு லீவு மாமா. கோயிலுக்கு வந்தேன்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. ஆத்துக்கு வந்து ஒரு வாய் காப்பி சாப்பிட்டுட்டுப் போகலாமே" என்று குடையை என் பக்கம் சாய்த்தார்.

அந்த நேரம் பார்த்துப் பஸ் திரும்பி வந்தது. பிற்பாடு மற்றவர்கள் சொல்லித்தான் நடந்தது எனக்குத் தெரியும். சாந்தோம் கடற்கரையோரம் பஸ்ஸை நிறுத்திச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டலில் ஆள் கணக்குக்கு முப்பத்தெட்டுப் பொட்டலம் சொல்லியிருந்தது. ஒன்று மிஞ்சியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி அப்படியே நின்றாராம். பிறகு, யாரும் வாயில் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைத் திருப்பச் சொன்னாராம். மீன் காட்சியும் மியூசியமும் பாக்கி இருக்கிறது என்று வழிகாட்டி முணுமுணுத்ததை அவர் காதில் வாங்கவில்லை.

கட்டம் போட்ட சட்டைகள் நான்கு மாடவீதிகளிலும் இறங்கிக் கடை கடையாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தன. அண்ணாச்சி பாத்திரக்கடைப் பக்கம் வந்தார். குடை இல்லை. தலையில் போட்டிருந்த துண்டிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பொட்டலத்தை நனையாமல் சட்டைக்குள் வைத்து ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தார். என்னைக் கண்டதும் ஓடி வந்து இன்னொரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கனயா நிக்கேரு தம்பி. ஒம்ம விட்டுட்டுப் போயிட்டமே. என் தப்புதான் தம்பி, என் தப்பு. பசிக்கும்லா?"

வாத்தியார் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு மாப்பிள்ளை இவர்?"

நான் கையை உருவிக்கொண்டேன். "யார் சார் நீங்க? நான் உங்களைப் பார்த்ததே இல்லையே" என்றேன்.

குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் குடை பிடித்து நின்றவரைப் பார்த்தார். மாப்பிள்ளை என்ற சொல் அவர் காதிலும் விழுந்திருந்தது. அவருக்குத் துணிதான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது விளங்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. சட்டைக்குள் இருந்த பொட்டலத்தைச் சரியாக இறுக்கிக்கொண்டு, "மன்னிக்கணும் சார். எங்க ஆளு ஒருத்தர இங்க தவற விட்டுட்டோம். மழையில முகம் சரியாத் தெரியல" என்றார். வாத்தியாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். பஸ்ஸில் இருந்தவர்களிடம், தம்பி உடம்புக்கு முடியாமல் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கடைக்காரர் ஒருவர் சொன்னார், இனித் தேட வேண்டாம் என்று சொன்னாராம்.

"பாவம், யாரையோ தேடிண்டு வந்திருக்கார்" என்றார் வாத்தியார்.

நான் அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இவாளுக்கெல்லாம் இதே வேலை மாமா. கூட்டமா வந்துட்டா தலைகால் புரியாது" என்றேன். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அன்று அவர் வீட்டில் காப்பி குடித்தேன். அது எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் கடையில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை அவர் பக்கம் போனேன். "என்ன சார் வேணும்?" என்று அவர் கேட்டார். நான் என்னவோ கேட்டுச் சமாளித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அவர் முகத்தில் கோபத்தின் அடையாளமே இல்லை. மற்ற எல்லாரும் அவருக்குத் தம்பியாகவும் மாப்ளேயாகவும் இருந்தார்கள். அன்றிலிருந்து நான் மட்டும் சார். கல்யாணத்துக்குக் கடையிலிருந்து ஒருவரையும் நான் அழைக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

அடுத்த வருஷம் தலைதீபாவளிக்குத் துணி எடுக்க மாமனார் எங்கள் கடைக்கே வந்துவிட்டார். நான் பில் மேஜையில் இருந்தேன். அதற்குள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள் அப்பாவிடம் சொன்னாளா என்று கேட்கத் தைரியமில்லாமல் இருந்தேன். அண்ணாச்சிதான் அவருக்குப் புடவை எடுத்துப் போட்டார். மாமனார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் மழையில மாடவீதியில வந்து மாப்பிள்ளை கையைப் பிடிச்சுண்டது நீங்கதானே?"

அண்ணாச்சி புடவை மடிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நானா? நான் மயிலாப்பூர்ப் பக்கமே போனதில்லியே சார். கடைய விட்டு எங்க போவ முடியுது?"

"இல்லை ஐயா, நேக்கு எல்லாம் தெரியும்" என்றார் மாமனார். "பொண்ணைக் கொடுக்கறவன் விசாரிக்காம இருப்பனா? பெண் பார்க்க இவாளை வரச் சொல்றதுக்கு முன்னாடியே இங்கே வந்து, மாப்பிள்ளை இதே மேஜையில பில் போடறதை நின்னு பார்த்துட்டுத்தான் போனேன். அதிலே என்ன குறைச்சல்? அன்னிக்கே உங்களை ஆத்துக்குக் கூப்பிட்டிருக்கணும். நான் கூப்பிடலை."

 அண்ணாச்சி இப்போதாவது என் பக்கம் திரும்புவார், ஆமாம் நான்தான் என்பார் என்று நினைத்தேன். அப்படி ஒரு வார்த்தை அவர் சொல்லிவிட்டால் எனக்கு மூச்சு வரும் போல இருந்தது.

"அது வேற யாராயிருக்கும் சார்" என்றார் அவர். எடுத்த துணிகளை மடித்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "ரெண்டு பட்டு, ஒரு வேட்டி. பில்லு போட்டுருங்க சார்."

நான் பில் போட்டேன்.