மார்பளவுத் தண்ணீர்

எங்கள் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை ஊர் நடுவில் சொன்னேன். அதற்காக எனக்கு நிச்சயமாகவிருந்த கல்யாணம் நின்றுபோனது. இதை வருத்தப்பட்டுச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். "ஐயோ பாவம்" என்று யாராவது உச்சுக்கொட்டினால் எனக்குக் கோபம்தான் வரும்.

எழுபதுகளின் கடைசி. அரியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் லேப் அட்டெண்டர். படிப்பு எட்டாவதோடு முடிந்திருந்தது. மிச்சத்தைச் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டே காதால் படித்தேன். பேச்சையும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். பஸ்ஸில், டீக்கடையில், சந்தையில் யாராவது ஒன்றை நன்றாகச் சொல்லிவிட்டால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைப்பேன். எனக்குச் சொந்த ஊர் வேப்பந்தட்டைப் பக்கம். அந்தத் தடத்துக் கண்டக்டர் ஒருநாள் சொன்னார்: "ஒங்க ஊர்ல தண்ணியத் தேடி ஆளு கீழ எறங்குறான். திருமானூர்ல ஆளத் தேடித் தண்ணி மேல ஏறி வருது." கொள்ளிடக் கரையையும் எங்கள் மேட்டுக்காட்டையும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியுமா?

அந்த வருஷம் கல்லூரியில் 'வெளிப்பேச்சு' என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் தாங்கள் புதிதாக யோசித்ததைப் பொதுமக்கள் முன்னால் பேச வேண்டும். பேசவும் செய்தார்கள். கல்லூரி ஹாலில், ஃபேனுக்கு அடியில், ஒருவர் பேச மற்றவர் கைதட்டினார்கள். பொதுமக்கள் என்று பார்த்தால் நானும் வாட்ச்மேனும்தான்.

பொறுக்கமாட்டாமல் பௌதிக ஆசிரியரிடம் ஒருநாள் கேட்டுவிட்டேன். "சார், வெளிப்பேச்சுங்கிறீங்க. வெளிய ஒருத்தர்கிட்டயும் பேசலையே?"

அவர் முன்கோபக்காரர். முறைத்தார். பிறகு, "ஒங்க ஊருக்கு வந்தா கேப்பாங்களா?" என்றார்.

"கேப்பாங்க சார். எதுத்தும் கேப்பாங்க."

அப்படி ஒரு பங்குனி ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் பேச வந்தது கடைசி வருஷ மாணவி ஒருத்தி. அவள் யோசனை இதுதான்: ஊரில் கிணறு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் தண்ணீரை அளந்து, எல்லோரும் பார்க்கிற ஒரு சுவரில் எழுத வேண்டும். எல்லாக் கிணறும் சேர்ந்து இறங்குவது அப்போது ஊருக்கே தெரியும். வெங்காயம் போடுவதா, சோளத்தோடு நிறுத்திக்கொள்வதா என்று முன்கூட்டியே முடிவு செய்யலாம். ஹாலில் பேசியபோது பெரிய கைதட்டல் கிடைத்தது.

நான் மட்டும் கைதட்டவில்லை. எங்கள் பக்கத்தில் கிணற்று மட்டம் வெளியே சொல்கிற சமாசாரமே இல்லை. பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் அவர்கள் வருவதற்கு நாலு நாள் முன்பிருந்தே மோட்டார் போடமாட்டார்கள். ஊறுகிற தண்ணீர் சேர்ந்து பார்வைக்கு நிறைந்து நிற்கும். ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.

இதையெல்லாம் அந்த மாணவியிடம் நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காரணம், என்னைப் பார்க்கத் திருமானூரிலிருந்து வருகிறவர்களும் அதே ஞாயிற்றுக்கிழமையைத்தான் குறித்திருந்தார்கள். அப்பா இல்லாத வீட்டில் எல்லாம் சித்தப்பாதான். அவர் புதன்கிழமையே மோட்டாரை நிறுத்திவிட்டார். பங்குனி வெயிலில் வெங்காயத் தாள் மடங்கிக் கிடந்தது. "நாலு நாளு தாங்கும்டா. ஒனக்கு ஆயுசுக்கும் பொண்டாட்டி வேணுமா வேணாமா?" என்றார்.

ஞாயிறு காலை பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் பேச்சு. சீக்கிரமே வந்துவிட்ட திருமானூர்ப் பெண்ணின் தகப்பனார், "வந்ததும் வந்தோம், படிச்ச புள்ளைங்க என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டே கிணத்தடிக்குப் போவோம்" என்று சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மாணவி நன்றாகவே பேசினாள். "அடியில இருக்கிறது ஒரே தண்ணிதான். மேலதான் ஒங்க கிணறு, அவங்க கிணறு" என்றாள். தலைகள் ஆடின. அடுத்துதான் தப்பு நடந்தது. "இப்பவே தொடங்கிடுவோம். ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்று சாக்பீஸோடு கரும்பலகைக்குப் போனாள்.

முதல் ஆள் தொண்டையைச் செருமினார். "மூணாளு தண்ணி நிக்கிது."

எங்கள் ஊரில் அளவே ஆள் கணக்குதான். ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் நின்றால் எவ்வளவோ அவ்வளவு. முதல் ஆள் மூணு என்றபிறகு இரண்டாவது ஆள் குறைத்துச் சொல்வாரா? "மூணரை" என்றார். மூன்றாமவர் நாலு. அவள் எழுத எழுதப் பலகையில் வெள்ளம் வந்துகொண்டிருந்தது.

அவள் கை நின்றது. "பங்குனியில நாலாளா? அப்ப வெங்காயம் ஏன் வாடிக் கெடக்கு? பஸ்ல வரப்ப பாத்தேனே."

"ஒன்னயப் பாத்து வெக்கப்பட்டுத் தலையக் குனிஞ்சிருக்கும் பாப்பா!" என்றார் ஒருவர்.

கூட்டம் சிரித்தது. கூட வந்த மாணவர்களும் சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியது, ஆனாலும் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. "அடுத்தவங்க சொல்லுங்க" என்றாள். அடுத்தவர் சித்தப்பா.

"எங்களுது நாலரை."

திருமானூர்க்காரர் திருப்தியாக மீசையைத் தடவிக்கொண்டார். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"பொய்யி. சித்தப்பா, நாலு நாளா மோட்டாரே போடல நாம."

"டேய், ஒக்காருடா."

"ஒக்கார மாட்டேன். காலைல நான் உள்ள எறங்கிப் பாத்தேன். என் மார் மட்டுந்தான் இருக்கு. அதுவும் வெங்காயத்தக் காயப்போட்டுச் சேத்து வச்சது. நாலரையை அழிங்கம்மா. முக்காலாளுன்னு எழுதுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சித்தப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அழித்துவிட்டு எழுதினாள். அன்றைக்குப் பலகையில் இருந்த ஒரே நிஜம் அதுதான்.

திருமானூர்க்காரர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "தண்ணி கொறச்சல்ங்கிறதக்கூடப் பொறுத்துக்குவேன் தம்பி. வூட்டு விசயத்த இப்படிச் சந்தியில வெக்கிறவனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்கிறது?"

"நாளைக்கு இந்த ஊர்ல கொடம் தூக்கப்போறது ஒங்க பொண்ணுதாங்க. எவ்வளவு தண்ணின்னு அது இன்னிக்கே தெரிஞ்சிக்கட்டுமே."

அவர் கிணற்றடிக்குப் போகவில்லை. நேரே பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் ஆசிரியர் என் அருகில் வந்து நின்றார். "எங்களால ஒன் காரியம் கெட்டுப்போச்சேப்பா."

"கெடல சார். இன்னிக்குத்தான் வெளிப்பேச்சே நடந்திருக்கு."

வீறாப்புக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். ஹாலில் வாங்கிய கைதட்டல் எங்கே, இங்கே வந்து பட்ட பாடு எங்கே! கேட்கிறவனுக்கும் சொல்கிறவனுக்கும் ஏதாவது உறைத்தால்தானே அது பேச்சு.

சித்தப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். இரண்டு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் பெண் தர வரவில்லை. நான் விடவில்லை. எங்கள் மோட்டார் கொட்டகைச் சுவர் ரோட்டைப் பார்த்து இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்ததும் கிணற்றில் இறங்குவேன், மேலே வருவேன், அடுப்புக்கரியால் பெரிதாக எழுதுவேன். முக்கால். அரை. அரைக்கும் கீழே.

முதலில் எட்டிப் பார்த்தது ஆண்களில்லை. அடுத்த காட்டு அக்கா ஒருத்தி குடத்தோடு நின்று படித்துவிட்டு, "எங்களுது முழங்காலு. சேத்து எழுது. அந்த மனுசங்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். அதற்கடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர். தண்ணீர் இறைப்பவர்களுக்கா மட்டம் தெரியாது?

சுவரில் ஐந்தாறு கிணறு சேர்ந்தபோது சித்தப்பாவுக்குத் தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு நான் வந்து பார்த்தால் சுவர் பளிச்சென்று இருந்தது. சித்தி சுண்ணாம்பு வாளியோடு நின்றிருந்தாள். கையெல்லாம் வெள்ளை.

"நீங்களுமா சித்தி?"

"அடிக்கச் சொன்னாரு, அடிச்சேன்" என்றாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கரித்துண்டை எடுத்து நீட்டினாள். "எழுதக்கூடாதுன்னு எங்கிட்ட சொல்லலயே. காஞ்சிருச்சு, எழுது."

எழுதினேன். வெள்ளையடித்த சுவரில் கரி முன்னைவிட நன்றாகவே தெரிந்தது.