நாங்கள் பார்க்காத பூங்கா

கோயமுத்தூரில் நடந்த இளைஞர் மாநாட்டுக்கு எங்கள் ஊர் மன்றத்திலிருந்து அத்தையைத் தேர்ந்தெடுத்தபோது, அப்பா ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். துணைக்கு நான் போகவேண்டும். இருபத்திரண்டு வயதுக்காரியை ஒன்பது வயதுக்காரி எதிலிருந்து காப்பாற்றுவாள் என்று யாரும் கேட்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாராபுரம் பக்கத்தில், அப்படித்தான் பெண்களை வெளியூர் அனுப்பினார்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. அந்த மாதம்தான் அவளுக்கு ஒரு வரன் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை கோவை கணபதியில் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். ஜாதகம் பொருந்தியது. தை பிறந்ததும் பூ வைத்து உறுதி செய்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். ஆளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள் அத்தை. அவர்கள் பெண் பார்க்க வரும்போது நீயும் பார்த்துக்கொள் என்றார் அப்பா. சபையில் காப்பி கொடுத்த பிறகு வேண்டாம் என்று சொன்ன பெண் எங்கள் சொந்தத்தில் அதுவரை ஒருத்தியும் இல்லை. இதெல்லாம் பெரியவர்கள் விஷயம். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அரைப்பரீட்சை லீவில் கோயமுத்தூர் போகிறோம் என்பதுதான்.

மூன்று நாள் மாநாடு. ஒரு கல்லூரி விடுதியில் தங்கினோம். பெயர் எழுதிய அட்டையை எல்லோருடைய நெஞ்சிலும் குத்தினார்கள். கெஞ்சிக் கேட்டதால் எனக்கும் ஒன்று கிடைத்தது. வெளியூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஏதோ பட்சணம் சாப்பிட்டதுபோல் பேசிக்கொண்டார்கள். முதல் நாள் அத்தை மேடையேறி, கிராமத்துப் பெண்களும் முடிவெடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினாள். நான்தான் முதலில் கைதட்டினேன்.

இரண்டாம் நாள் ஊர் சுற்றிக் காட்ட பஸ் வந்தது. காலையில் மருதமலை, மதியத்துக்கு மேல் மிருகங்கள் உள்ள பூங்கா, கடைசியில் ஒப்பணக்காரத் தெரு. மலையில் எனக்குக் கால் வலித்தது. பூங்காவை நினைத்துப் பொறுத்துக்கொண்டேன். பூங்கா வாசலில் எல்லோரும் இறங்கியபோது, அத்தை அமைப்பாளர் அம்மாவிடம் போய், பிள்ளைக்கு வயிற்றுவலி, கணபதியில் தெரிந்தவர் வீட்டில் கொஞ்சம் படுக்கவைத்துவிட்டு ஐந்து மணிக்குக் கடைத்தெருவில் வந்து சேர்ந்துகொள்கிறோம் என்றாள். எனக்கு வயிற்றுவலி என்பது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அந்த அம்மா கைப்பையிலிருந்து ஓமத்தண்ணீர் எடுத்து என் வாயில் ஊற்றினார். சுவருக்கு அந்தப் பக்கம் மயில் ஒன்று அகவியது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து டவுன் பஸ்ஸில் ஏற்றினாள். அவள் உள்ளங்கையில் விலாசம் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் வியர்வையில் ஊறிக் கிடந்தது. கண்டக்டரிடம் அதை மூன்று முறை காட்டினாள்.

பட்டறையில் சுட்ட இரும்பின் வாசனையும் வார்னிஷ் வாசனையும் அடித்தன. பட்டறைக்காரர் மடிப்புக் கலையாத சட்டையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, கெணத்துக்கு மோட்டார் பாக்கோணுங்க" என்றாள் அத்தை. எங்கள் கிணற்றில் மோட்டார் நன்றாகத்தானே ஓடுகிறது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மணிக்கட்டில் அவள் பிடி இறுகியது.

"உக்காருங்க அம்மணி. ஊட்ல ஆம்பளைங்க யாரும் வல்லீங்களா?"

"தண்ணி பாச்சறது நாந்தானுங்க."

அவர் சிரித்தார். ஆனால் மரியாதையாகவே பேசினார். எத்தனை அடிக் கிணறு, எத்தனை ஏக்கர், என்ன வெள்ளாமை என்று கேட்டார். அத்தை எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அவர் கேட்காததையும் சொன்னாள். அவளுக்கு அவரைப் பிடித்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன், டீ வரும் வரைக்கும்.

டீ கொண்டுவந்தவர் அங்கே லேத்து ஓட்டுகிறவர். தலையெல்லாம் நரை. அவர் விரலில் இருந்த கிரீஸ் கிளாஸின் விளிம்பில் பட்டிருந்தது. பட்டறைக்காரர் அந்த கிளாஸை வாங்கி, குரலை உயர்த்தாமல், நிதானமாக, அந்தப் பெரியவரின் வெறுங்காலுக்குப் பக்கத்தில் டீயைக் கொட்டினார். பெரியவர் காலை இழுத்துக்கொண்டார்.

"வேற கொண்டாடா" என்றார். உடனே எங்கள் பக்கம் திரும்பி, அதே சிரிப்போடு, "தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

இரண்டாவது டீயை அத்தை தொடவில்லை. வீட்டில் கலந்து சொல்கிறேன் என்று எழுந்தாள். வெளியே வரும்போது அந்தப் பெரியவரைப் பார்த்து, "வாரேனுங்க" என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் நான் பூங்காவுக்காக அழுதேன். அத்தையும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவளுக்கும் பூங்கா பார்க்கக் கிடைக்காத வருத்தம்தான் என்று எடுத்துக்கொண்டேன். பஸ் வரும்போது, "ஊட்ல பொய் சொல்லோண்டாம் கண்ணு. கேக்காதத நாமளா சொல்லோண்டாம்" என்றாள். அவ்வளவுதான்.

ஊர் திரும்பிய அன்றைக்கே அப்பாவிடம், "இந்த வரன் வேண்டாங்கண்ணா" என்றாள். காரணம் கேட்டார், சொல்லவில்லை. அம்மா கெஞ்சிப் பார்த்தாள். பெரியப்பா வந்து சத்தம் போட்டார். அத்தை எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, கேட்டபோதெல்லாம் அதே மூன்று வார்த்தையைச் சொன்னாள்.

மூன்றாம் நாள் அப்பா என்னைக் களத்துக்குக் கூப்பிட்டார். கோயமுத்தூரில் எங்கெங்கே போனீர்கள் என்று கேட்டார். மருதமலை, பூங்கா, கடைத்தெரு என்றேன். பூங்காவில் என்ன பார்த்தாய் என்றார். அத்தை சொல்லிக்கொடுத்தது இதற்குப் பயன்படவில்லை, அப்பா கேட்டுவிட்டாரே. பாடப்புத்தகத்தில் கடைசியாகப் பார்த்த படம் நினைவுக்கு வந்தது.

"ஒட்டகச்சிவிங்கிங்கப்பா."

"எத்தன ஒசரம்?"

"நம்ம தென்னமரத்துல பாதிங்க."

அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அத்தையும் பாத்தாளா?"

"நல்லாப் பாத்தாங்கப்பா."

"பாத்துப்போட்டு என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலீங்க. பஸ் ஸ்டாப்புல அழுதாங்க."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, போய் விளையாடு என்றார். மறுநாள் காலையில் ஒரு இன்லேண்ட் கடிதம் எழுதி, தானே ஒட்டி, தானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டார். பெரியப்பாவிடம், எனக்கே மனசு ஒப்பவில்லை என்று சொன்னதை நான் கேட்டேன். மறு வருஷம் பல்லடத்தில் ஒரு வரன் வந்தபோது, மாப்பிள்ளை வேலை பார்த்த இடத்துக்கு அத்தையை அப்பாவே கூட்டிக்கொண்டு போனார். அந்த மாமாதான் எங்கள் மாமா.

அப்பாவை ஏமாற்றிவிட்ட பெருமையோடு பல வருஷம் திரிந்தேன். மாதம் தவறாமல் கோயமுத்தூர் போய்வந்த மனிதர் அவர். அந்தப் பூங்காவில் மானும் மயிலும் குரங்கும்தான் உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று அப்போதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துவிட்டு யாரும் பஸ் நிறுத்தத்தில் நின்று அழமாட்டார்கள் என்பதும் தோன்றவில்லை.