மோர் பாலில் சேராது

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரியையும் முடித்துவிட்டேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. வீட்டுக்குத் தபாலில் எது வந்தாலும், மாத்திரை அட்டையின் முதுகில் பொடி எழுத்தில் எது இருந்தாலும், வாசித்துச் சொல்வது நான்தான். அப்பாவின் நோய் மட்டும் ரொம்ப நாள் என் கைக்கு வரவே இல்லை.

அப்பா லாரி டிரைவர். நாமக்கல்லில் லோடு ஏற்றினால் வடக்கே போய்த்தான் இறக்குவார். வீடு மோகனூரில். அவருக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிவயிற்றில் வலி, சீட்டில் உட்கார்ந்தால் கீழே முள் குத்துவதுபோல ஒரு வேதனை. எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர்தான்: சூடு. அம்மாவிடம் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே வைத்தியம்தான்: மோர். அதற்கும் அடங்காவிட்டால் அப்பா மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்குவார். எரிச்சல் நின்ற அன்றே மாத்திரையையும் நிறுத்திவிடுவார். கொஞ்ச நாளில் சூடு திரும்பி வரும்.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் காதில் வாங்க மாட்டார். லாரிக்காரனுக்கு அந்த இடத்தில் நோய் என்றால் ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் சீட்டில் உட்காரவே முடியாமல் அப்பா வண்டி எடுப்பதை நிறுத்தியபோது, லாரி முதலாளிதான் வாயைத் திறந்தார். "தீபாவளி லோடுக்கு நீ வண்டி எடுக்கலீன்னா நான் வேற டிரைவரைப் போட்டுக்குவேன் பாத்துக்க." அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து அப்பாவைத் தவிர யாரும் ஓட்டியதில்லை. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாளே அவரைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினேன். ராசிபுரம் தாண்டியதும் அப்பா எழுந்து டிரைவர் பக்கத்தில் போய் நின்றார்.

"தம்பி, ஓரங்கட்டு."

"இங்க ஸ்டாப்பிங் இல்லீங்க."

"ஸ்டாப்பிங் இல்லீன்னா போச்சாது. வேப்பமரம் இருக்குதில்ல?"

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் மட்டும் ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்பை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

அஸ்தம்பட்டியில் சிறுநீரக டாக்டரின் கிளினிக். டாக்டர் இளைஞர். என்ன தொந்தரவு என்று கேட்டார்.

"இடுப்பு வலிங்க" என்றார் அப்பா.

"இடுப்பு இல்லைங்க டாக்டர்" என்று ஆரம்பித்து, எரிச்சலில் தொடங்கி வேப்பமரம் வரை ஒன்று விடாமல் சொன்னேன். அப்பா ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அப்பா வெளியே வந்தார். தான் ஓட்டும் வண்டியே வந்து தன்மேல் மோதியது மாதிரி ஒரு முகம்.

"என்னங்கப்பா பண்ணாரு?"

"ஒண்ணுமில்ல அம்மிணி. ஆயில் செக் பண்ணாரு."

டாக்டர் கையுறையைக் கழற்றி எறிவது கதவிடுக்கில் தெரிந்தது. எனக்குப் போதுமானதாக இருந்தது.

சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, அதில் எந்தக் கிருமி வளர்கிறது, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்த்தார்கள். புராஸ்டேட் சுரப்பிக்குள் கிருமி குடியேறிவிட்டது என்றார் டாக்டர். இது ஊர் பேசுகிற நோய் இல்லை. எந்த ஆணுக்கும் வரலாம். அந்தச் சுரப்பிக்குள் மருந்து சுலபமாக நுழையாது. அதனால்தான் கொஞ்ச நாள் சாப்பிட்டு நிறுத்தினால் திரும்பத் திரும்ப வருகிறது. இப்போது ஆறு வாரம், ஒரு வேளை விடாமல் சாப்பிட வேண்டும். "மாத்திரையைப் பால், தயிரோடு மட்டும் சாப்பிடாதீங்க."

"சரிங்க" என்றார் அப்பா. அவர் எல்லாவற்றுக்கும் சரிங்க சொல்பவர்.

வாரங்கள் போயின, வலி போகவில்லை. முதலாளி வீட்டுப் பக்கம் புதிதாக ஒரு டிரைவர் வந்துபோவதாகக் கேள்விப்பட்டோம். மறுபடி கிளினிக். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அப்பா மெதுவாகச் சொன்னார்: "முடியலீன்னா சாவியைக் குடுத்துர்றேன் சாமி. என்ன பண்றது." சொல்லிவிட்டுப் பையிலிருந்து காலை மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, ஒரு பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தார். கறிவேப்பிலையும் பெருங்காயமும் கிளினிக் முழுக்க மணந்தன.

"அப்பா, என்னங்க அது?"

"மோரு. உங்கம்மா குடுத்துட்டா."

"தினமும் மாத்திரையை இதுலயா போடுறீங்க?"

"பின்ன? சூட்டு மாத்திரையைத் தண்ணில போட்டா வவுறு எரியுமில்ல."

"டாக்டர் பால், தயிர் கூடாதுன்னாரில்லைங்க?"

அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இது பாலும் இல்ல, தயிரும் இல்ல. மோரு. இதைக்கூடவா காலேஜுல சொல்லித் தரல?"

நான் பாட்டிலோடு டாக்டர் முன்னால் போய் நின்றேன். அவர் மோந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி மேசையில் விழுந்தது. பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து, மோரானாலும் அதில் இருக்கும். அது இந்த மாத்திரையைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் கலக்க விடாது என்று விளக்கினார்.

"செக்போஸ்டுல லோடை மடக்குற மாதிரிங்களா?" என்று கேட்டார் அப்பா.

"அதேதாங்க ஐயா."

அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அம்மா தோற்கிற ஆள் இல்லை. "ஏனுங்க டாக்டரு, தயிரு சூடு, மோரு குளுச்சி. ரெண்டும் எப்பிடிங்க ஒண்ணாவும்?"

படித்த டாக்டர் மேசையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "மத்தியானச் சோத்துக்கு ஊத்துங்கம்மா. காலையிலயும் ராத்திரியிலயும் மாத்திரை பக்கத்துலயே அதைக் கொண்டுவராதீங்க" என்று சமாதானம் பண்ணினார்.

ஆறு வாரக் கணக்கு முதலிலிருந்து ஆரம்பமானது. இந்த முறை மாத்திரை வெறும் தண்ணீரோடு என் கண் முன்னால்தான் இறங்கியது. எரிச்சல் நின்ற அன்று அப்பா வழக்கம்போல அட்டையைச் சுருட்டி வைக்கப் பார்த்தார். "பாதி வழியில லோடு இறக்குவீங்களா?" என்று கேட்டேன். முனகிக்கொண்டே விழுங்கினார். உட்காருவதற்கு நடுவில் ஓட்டையுள்ள மெத்தை ஒன்று வாங்கித் தந்தேன். அதை நாய்க்குப் போட்டுவிட்டு, பழைய ஸ்கூட்டர் டியூப்பில் அளவாகக் காற்றடித்து உட்கார்ந்தார்.

நோய் அடியோடு போய்விட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. திரும்பவும் வரலாம், வந்தால் மெடிக்கல் கடைக்குப் போகாமல் நேரே இங்கே வாருங்கள் என்றுதான் சொன்னார்.

தீபாவளி லோடு ஏறிய அன்று அப்பா முதலில் கேபினில் வைத்தது டியூப்பை. அடுத்தது அம்மாவின் மோர் பாட்டில். பொழுது சாயும் நேரத்தில் போன் வந்தது.

"கிருஷ்ணகிரி தாண்டிட்டேன் அம்மிணி."

"நடுவுல எத்தனை வேப்பமரம்ங்கப்பா?"

இஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். நான் பரீட்சையில் பாஸானதை ஊருக்குச் சொன்னாரே, அதே குரல்:

"ஒண்ணே ஒண்ணு."

அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "ஏனுங்க, அது மோருனாலதானுங்க?"