கரும்புத் தோகைதான்னு எல்லாரும் சொன்னாங்க

நாலு வருஷத்துக்கு முன்னாடி, கச்சிராயபாளையம் பக்கத்துல எங்க ஊர்ல கரும்பு வெட்டு நடந்துக்கினு இருந்த நேரம். எனக்கு ஏழாம் மாசம். கரும்புக் கொல்லையில இருந்த என் வூட்டுக்காரருக்குச் சோறு எடுத்துக்கினு வரப்பு மேல போனேன். கணுக்கால்ல சுருக்குன்னுச்சு. குனிஞ்சு பாக்க வயிறு எங்க வுடுது? கரும்புத் தோகை அறுத்த கோடு இல்லாத கால் எங்க ஊர்ல ஒருத்தருக்கும் கெடையாது. நானும் அதுதான்னு நெனச்சு நடந்துட்டேன்.

கொஞ்ச நேரத்துல கால் வீங்கிடுச்சு. எரிச்சல்னா அப்படி ஒரு எரிச்சல். மாமியார் பாத்துட்டு, "தோகைதான், மஞ்சள அரைச்சுப் போடு"ன்னாங்க. வெட்டு ஆளுங்களும் அதையேதான் சொன்னாங்க. நான் அழுத அழுகையில அவரு வண்டியில உக்கார வச்சுக் கள்ளக்குறிச்சிக்கு இட்டுக்கினு போனாரு.

ஆஸ்பத்திரியில சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தங்க. காலைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாய்ல வச்சுப் பாத்தாங்க. பாம்பு வெஷம் ஏறியிருந்தா ரத்தம் உறையாதாம். நல்லாத்தான் உறைஞ்சுது. "அப்ப கெளம்பலாமா?"ன்னாரு இவரு. சக்கர ஆலையில இருந்து வெட்டு உத்தரவு வந்து லாரி கொல்லையில நின்னுக்கினு இருக்கு. அந்த அவசரம் அவருக்கு.

"கீறலா கடியான்னு என்னால உறுதியா சொல்ல முடியலைங்க. பாம்பா இருந்தா போகப் போகத்தான் ரத்தத்துல காட்டும். தெரியாம வெஷ முறிவு மருந்து ஏத்தவும் முடியாது. இங்கயே இருக்கட்டும், மறுபடி மறுபடி பாக்கணும்"னாங்க.

இவருக்கு வந்துச்சே கோவம்! "இன்னா டாக்டரு இவங்க, இதுகூட தெரியல? எழுந்திரு, போலாம்." மாமியார் போன்ல, வேற எங்கியாச்சும் காட்டுங்கன்னு ஒரே சத்தம். எனக்கு மட்டும் அந்த டாக்டரம்மா மூஞ்சியில தெரிஞ்ச பயம் நெஞ்சுல ஒட்டிக்கிச்சு. கட்டிலை வுட்டு எறங்கவே மாட்டேன்னுட்டேன்.

சாயங்காலம் எச்சி துப்பினேன், ரத்தமா வந்துச்சு. இந்த வாட்டி குழாய்ல ரத்தம் உறையவே இல்ல, தண்ணியாவே கெடந்துச்சு. ஓடி வந்து வெஷ முறிவு மருந்து ஏத்தினாங்க. நான் பொழச்சேன். வயித்துல இருந்த புள்ள அசையறத நிறுத்திடுச்சு. பொறந்தப்ப உசுரு இல்ல. பொட்டப் புள்ள. அது மூஞ்சியக்கூட முழுசா பாக்கல பாவி நான்.

அப்புறம் ஆளாளுக்கு ஒரு காரணம். மாசமா இருக்கறவ சனிக்கிழம கொல்லைக்குப் போனதுதான்னாங்க மாமியார். மருந்த மொதல்லயே போட்டிருந்தா பொழச்சிருக்கும், டாக்டருதான் கொன்னுட்டாங்கன்னாரு இவரு. கேட்டுக் கேட்டு, புள்ளகூடவே நானும் செத்துப் போயிருக்கலாம்னு இருந்துச்சு.

வூட்டுக்கு அனுப்புற அன்னிக்கு அந்த டாக்டரம்மாவையே கேட்டுட்டேன், மொதல்லயே போட்டிருந்தா புள்ள பொழச்சிருக்குமான்னு. எதையாவது சொல்லித் தப்பிச்சுக்குவாங்கன்னுதான் நெனச்சேன். கட்டில் ஓரமா உக்காந்தாங்க. "தெரியலம்மா. நானும் அதையேதான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்"னாங்க. அவங்க கண்ணும் கலங்கியிருந்துச்சு.

இவருக்கு இன்னமும் அவங்க மேல கோவம்தான். எனக்கு வரல. என் புள்ள ஏன் போச்சுன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. யார் மேலயும் பழி போடாம அதுக்காக அழ முடியுதுன்னா, தெரியலன்னு சொன்ன அந்த ஒருத்தங்களாலதான்.